பச்சைக் கட்டி தேய்த்த தோலில் தீட்டினால் கூர் இறங்குகிறது: எந்த பாலிஷ் வாங்குவது?

கூர்வாய் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். தோலில் தேய்த்துத் தீட்டும் பாலிஷ் பற்றி ஒரு தெளிவு வேண்டும்.

கையில் இருப்பது 1000/6000 இரட்டைத் தண்ணீர்க்கல், பலகையில் ஒட்டிய 3 மி.மீ. தோல், ஹார்டுவேர் கடையில் வாங்கிய பச்சைப் பாலிஷ் கட்டி. கட்டியின் உறையில் ஸ்டீலுக்கு என்று மட்டும் போட்டிருக்கிறது, துகள் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற கணக்கு இல்லை. தீட்ட வேண்டியவை: பட்டறையில் அடித்த கார்பன் ஸ்டீல் காய்கறிக் கத்தி, சாதாரண எவர்சில்வர் கத்தி, பவர் ஹேக்சா பிளேடில் செய்த கத்தி ஒன்று, மரச்சிற்ப உளிகள் ஆறு (இரண்டு குழி உளி), ஒரு மடக்குச் சவரக்கத்தி.

6000 கல்லில் முடித்த கையோடு காய்கறிக் கத்தி செய்தித்தாளைச் சத்தமில்லாமல் அறுக்கிறது. அதையே பச்சை தேய்த்த தோலில் பக்கத்துக்கு 50 இழுப்பு இழுத்தால் வாயோரம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது, ஆனால் தக்காளித் தோலில் வழுக்குகிறது. ஹேக்சா பிளேடு கத்தியில் எத்தனை இழுத்தாலும் மாற்றமே தெரியவில்லை. சவரக்கத்தி கன்னத்தில் இழுத்துப் பிடிக்கிறது.

கட்டிதான் மட்டமா? வைரப் பேஸ்ட்டுக்கு மாறினால் சரியாகுமா? மாறினால் எத்தனை மைக்ரான்?

சாணைப்பொறி:

கட்டியைக் குறை சொல்வதற்கு முன்னால் இழுப்பைப் பாருங்கள். பக்கத்துக்கு 50 என்பது மிக அதிகம். 6000 கல்லில் ஒழுங்காக முடித்த வாய்க்குத் தோலில் 5, மிஞ்சினால் 8 இழுப்பு போதும். அதற்கு மேல் வேண்டியிருந்தால் கல்லில் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

தோல் அமுங்கும். கத்தியை வைத்து அழுத்தினால் வாயோரம் தோலுக்குள் புதையும். இழுத்துக்கொண்டு போகும்போது பின்னால் தோல் மேலெழும்பி வாயின் நுனியைச் சுற்றி வரும். பாலிஷ் இல்லாத தோலில் இதனால் பெரிய கேடு இல்லை. பச்சை தேய்த்த தோலில் ஒவ்வொரு இழுப்பும் நுனியைக் கொஞ்சம் உருட்டும். மினுக்கம் ஏறும், கூர் இறங்கும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

அழுத்தத்தை அளக்க வழி இருக்கிறது. தோல்பலகையைச் சமையலறைத் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வழக்கம்போல் ஒரு இழுப்பு இழுங்கள். காய்கறிக் கத்திக்கு 200 முதல் 300 கிராமுக்குள் நிற்க வேண்டும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டிக் காட்டும்.

அடுத்தது கோணம். 45 மி.மீ. அகலக் கத்தியை 15 டிகிரியில் பிடித்தால் முதுகு தோலிலிருந்து 11.6 மி.மீ. உயரத்தில் நிற்கும். 20 டிகிரி என்றால் 15.4. கல்லில் 15-ல் தீட்டிவிட்டுத் தோலில் அறியாமல் 4 மி.மீ. தூக்கிவிட்டால் கதை முடிந்தது. 12 மி.மீ. கனத்தில் ஒரு கட்டைத்துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, இழுக்கும் முன் முதுகை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். கை பழகும்வரை போதும். தோலில் கல்லின் கோணத்தைவிட 1, 2 டிகிரி தாழ்ந்திருந்தாலும் பரவாயில்லை, தோல் மேலெழும்பி அதை ஈடுகட்டிவிடும். உயர்ந்திருக்கவே கூடாது.

இழுப்பின் கடைசியிலும் ஒரு தப்பு நடக்கும். பலகை முடியும் இடத்தில் கத்தியை நிறுத்தாமல், ஓடுகிற வேகத்திலேயே மணிக்கட்டைத் தூக்குவார்கள். அந்தக் கடைசி ஒரு அங்குலத்தில் முப்பது நாற்பது டிகிரியில் வாய் உரசும். நிறுத்துங்கள், பிறகு தூக்குங்கள். திருப்பும்போது கத்தி முதுகின் மேல் புரள வேண்டும், வாயின் மேல் அல்ல.

இனி பிசிறு, அதாவது தேய்க்கும்போது வாயோரத்தில் எதிர்ப்பக்கமாக மடிந்து எழும் மெல்லிய உலோக விளிம்பு. 1000 கல்லில் ஒரு பக்கம் தேய்த்து, எதிர்ப்பக்கம் அடியிலிருந்து முனைவரை பிசிறு ஏறியதை விரலால் தடவிப் பார்த்த பிறகே திருப்ப வேண்டும். விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக வெளியே இழுங்கள், வாயோடு நீளவாக்கில் ஓட்டாதீர்கள். இரண்டு பக்கமும் பிசிறு ஏறியதும் அழுத்தத்தைப் பாதியாக்கி, பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று மாற்றி மாற்றிக் குறைக்க வேண்டும். 6000-லும் அதேபோல. கடைசிச் சில இழுப்புகளை வாய் முன்னால் போகிற மாதிரி, கல்லைச் சீவுகிற பாவனையில் கொடுத்தால் பிசிறு அறுந்து போகும்.

பெரிய பிசிறைத் தோல் அறுக்காது, நிமிர்த்தி நிறுத்திவிடும். நிமிர்ந்த பிசிறு சவரம் கூடச் செய்யும், தாளை அருமையாக அறுக்கும். வெட்டுப்பலகையில் பத்து வெங்காயம் நறுக்குவதற்குள் மடிந்து படுத்துவிடும். எவர்சில்வர் கத்தியில் இது அதிகம். அந்த ஸ்டீல் மென்மையானது, பிசிறு அறுந்து விழாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

சோதிக்க வேண்டுமானால் பஞ்சை வாயோரம் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை சிக்கும் இடத்தில் பிசிறு மிச்சம். பிறகு டார்ச்சை நேர் மேலே பிடித்து, வாயை உங்களைப் பார்க்கத் திருப்புங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைக் கோடாக மின்னும் இடம் உருண்டுபோன இடம். உங்கள் கத்தியில் முழு நீளத்துக்கும் அந்தக் கோடு இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் 6000-க்குத் திரும்பிப் போய், பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பில் எடுத்துவிட்டு, தோலில் வெறும் ஐந்து மட்டும் கொடுத்துத் தக்காளியில் வையுங்கள்.

மைக்ரான்கணக்கு:

சாணைப்பொறி சொன்னதை முதலில் செய்துவிடுங்கள். பாலிஷ் தேர்வு அதற்குப் பிறகு வருகிறது. அதில் பார்க்க வேண்டியது துகளின் அளவு, துகளின் கடினம், எதன்மேல் தேய்க்கிறோம் என்பவை. நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது.

பச்சை என்றால் குரோமியம் ஆக்சைடு, 0.5 மைக்ரான் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சவரக்கத்திக்கென்று விற்கும் சுத்தமான பொடிக்கும் பேஸ்ட்டுக்கும் அது ஓரளவு பொருந்தும். ஹார்டுவேர் கடைப் பச்சைக் கட்டி பஃபிங் சக்கரத்துக்காக வார்த்தது. மெழுகும் கொழுப்பும் சேர்த்து, குரோமியம் ஆக்சைடோடு அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும். சில மைக்ரான் அளவுக்குப் பெரிய துகளும் உள்ளே கிடக்கும். அதனால் அது கெட்டது என்று ஆகாது. சமையலறைக் கத்திக்கும் உளிக்கும் அது தாராளமாகப் போதும், வேகமாகவும் வெட்டும். சவரக்கத்திக்கு மட்டும் அதைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

சிவப்பு இன்னும் குழப்பம். நகைக்கடை ரூஜ் என்பது இரும்பு ஆக்சைடு, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஆனது. பதம் ஏற்றிய ஸ்டீலைவிட அதன் கடினம் பெரிதாக இல்லை, அதனால் மிக மெதுவாகத்தான் அரிக்கும். சிவப்பாகச் சாயம் போட்ட அலுமினியம் ஆக்சைடும் சிவப்புக் கட்டி என்ற பெயரிலேயே கிடைக்கிறது. பழுப்புக் கட்டி பெரும்பாலும் டிரிப்பொலி, அதாவது சிலிக்கா. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் ஆனது. கறுப்பு எமரியாகவோ சிலிக்கன் கார்பைடாகவோ இருக்கும், சொரசொரப்பு. வெள்ளை அலுமினியம் ஆக்சைடு. வைரப் பேஸ்ட்டிலும் ஒரு கம்பெனியின் மஞ்சள் இன்னொரு கம்பெனியின் மஞ்சள் அல்ல. ஊசிக்குழலில் அச்சடித்த எண்ணை மட்டும் நம்புங்கள்.

அளவுக்கு வருவோம். ஜப்பானிய ஜே.ஐ.எஸ். அளவீட்டில் 1000 கல்லின் துகள் சுமார் 11.5 மைக்ரான், 3000 என்றால் 4, 6000 என்றால் 2, 8000 என்றால் 1.2. உங்கள் கல் 2 மைக்ரானில் நிற்கிறது. அதற்கு அடுத்து 3 மைக்ரான் வைரம் வாங்கினால் பின்னோக்கி நடக்கிறீர்கள், 1 மைக்ரான் வாங்கினால் ஒரு படி முன்னே. 1000 கல்லோடு நிறுத்துபவருக்கு 3 அல்லது 4 மைக்ரான் சரியான அடுத்த படி. அங்கிருந்து நேராக 0.5-க்குத் தாவினால் 1000 கல்லின் கீறல்கள் அப்படியே கிடக்க, அவற்றின் மேடுகள் மட்டும் மினுங்கும்.

இன்னொன்று, உப்புத்தாளின் எண்ணும் கல்லின் எண்ணும் ஒன்றல்ல. பி எழுத்து போட்ட 2000 தாள் 10.3 மைக்ரான், அதாவது 1000 கல்லின் கிட்டத்தில்தான் வருகிறது. 2000 தாளில் முடித்தேன், பாலிஷ் பிடிக்கவில்லை என்று வருகிற கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.

கடினம்: விக்கர்ஸ் அளவில் அலுமினியம் ஆக்சைடு 2000-ஐ ஒட்டி வரும். ஸ்டீலுக்குள் கார்பைடு என்ற கெட்டித் துகள்கள் இருக்கும்; சாதாரணக் கார்பன் ஸ்டீலில் இருக்கும் இரும்புக் கார்பைடு 1000 சுற்றி, குரோமியம் கார்பைடு 1500 சுற்றி. இவற்றைப் பச்சையும் வெள்ளையும் அரிக்கும். வனேடியம் கார்பைடு 2500-ஐத் தாண்டும்; அதன்மேல் பச்சை தோற்றுப்போகும். சுற்றியிருக்கும் இரும்பு மட்டும் தேய்ந்து, கார்பைடு துருத்திக்கொண்டு நிற்கும் அல்லது பிடி விட்டு உதிரும். உங்கள் பவர் ஹேக்சா பிளேடு எம்2 வகை ஹைஸ்பீட் ஸ்டீலாக இருந்தால் அதில் டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, வனேடியம் 2 சதவீதம் அளவில் இருக்கும். பச்சையில் அசையாததற்குக் காரணம் அதுதான். எஸ்30வி, எம்390 போன்ற ஸ்டீலில் செய்த விலை உயர்ந்த மடக்குக் கத்திகளுக்கும் இதே கதை, அவற்றில் வனேடியம் 4 சதவீதம். இவற்றுக்கு வைரம் அல்லது சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) வேண்டும். டி2 ஸ்டீல் நடுவில் நிற்கும். குரோமியம் கார்பைடு கட்டிகட்டியாக இருப்பதால் பச்சையில் நேரம் பிடிக்கும், வைரத்தில் சுலபம்.

ஆக உங்களுக்கு என் கணக்கு: கார்பன் கத்திக்கும் எவர்சில்வருக்கும் உளிக்கும் இருக்கிற பச்சைக் கட்டியே போதும். ஹேக்சா கத்திக்கு 1 மைக்ரான் வைரப் பேஸ்ட் ஒன்று. வார்ப்பு அச்சுகளை (மோல்டு) பாலிஷ் செய்கிறவர்களுக்கு 5 கிராம் ஊசிக்குழலில் விற்பது இதற்குச் சரியாக இருக்கும். எண்ணெயில் கரைவது, தண்ணீரில் கரைவது என்று இரண்டு வகை உண்டு. எதை வாங்கினீர்கள் என்பதைப் பலகையின் பின்னால் எழுதி வையுங்கள், பின்னால் இளக்கிக்கொள்ளத் தேவைப்படும்.

வைரத்தை 3 மி.மீ. மெத்துத் தோலில் தேய்ப்பது வீண். துகள் உள்ளே புதைந்துவிடும், மேலே இருப்பது வாயை உருட்டும். எம்.டி.எஃப். பலகையோ (மரநாரை அழுத்திச் செய்தது) நெருக்கமான இழையுள்ள மென்மரமோ எடுங்கள். 5 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளப் பலகைக்குக் கடுகளவில் ஆறு புள்ளி வைத்து, இரண்டு சொட்டு லிக்விட் பாரஃபின் விட்டு, விரலால் பரப்பினால் முடிந்தது. அதற்குமேல் போடுவது அத்தனையும் கத்தியோடு ஒட்டிக்கொண்டு போகும். ஒரு பலகைக்கு ஒரே மைக்ரான். 3 மைக்ரான் பட்ட பலகையில் 1 மைக்ரானைத் தேய்த்தாலும் அது 3 மைக்ரான் பலகைதான்.

உளிச்சத்தம்:

உளிக்கு நான் சொல்றேன். கத்திக்கு நடக்கிற பல விசயம் உளிக்கு நடக்காது, ஏன்னா உளியோட சரிவு தட்டை, கோணம் 25-ல இருந்து 30 டிகிரி. மெத்துத் தோல்ல இழுத்தா அந்தத் தட்டை வயிறு வச்சுப் போயிரும். நாலு தடவை தீட்டினதும் மரத்துல வைக்கிறப்ப கையை ரொம்பத் தூக்குனாத்தான் பிடிக்கும், அதுக்குக் கீழ வழுக்கிக்கிட்டு ஓடும். அப்படி ஆச்சுன்னா திரும்பவும் 1000 கல்லுல போட்டுத் தட்டையாக்கித்தான் ஆகணும்.

தோல் போடணும்னா 2 மி.மீ.க்கு மேல வேண்டாம். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் பஞ்சு மாதிரி இருக்கும், அது ஆகாது. பட்டையில பதனிட்ட கெட்டித் தோல் வாங்குங்க. நம்ம பக்கம் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டு வந்ததை ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்னு சொல்லுவாங்க, திண்டுக்கல், ஈரோடு பக்கம் விசாரிச்சா அந்த வகை கிடைக்கும். நகத்தால அழுத்துனா தடம் லேசா விழுந்து உடனே மறையணும், அந்தப் பதம். வழவழ பக்கம் மேல வர்ற மாதிரி ஒட்டுங்க. ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசையை ரெண்டு பக்கமும் மெலிசாத் தடவி, விரல்ல ஒட்டாத அளவுக்கு ஒரு பத்து நிமிசம் காயவிட்டு, ஒரே தடவையில சேர்த்து உருளையால அழுத்தணும். பசை திட்டுத்திட்டா இருந்தா தோலும் மேடு பள்ளமா நிக்கும்.

பச்சைக் கட்டி காஞ்சிருந்தா தோல்ல பிடிக்காது, உதிரும். ஹேர் டிரையரால தோலைக் கொஞ்சம் சூடாக்கி, கட்டியை மெழுகுக் குச்சி மாதிரித் தேய்ங்க. தோலோட நிறம் அங்கங்க தெரியணும். முழுக்கப் பச்சைப் பசேல்னு அப்பி வச்சா அந்த மெழுகு மேலயே உளி மிதக்கும். இளக்கணும்னா மெடிக்கல்ல விக்கிற லிக்விட் பாரஃபின் ரெண்டு சொட்டு. நல்லெண்ணெய் விட்டா நாள்பட பிசுபிசுன்னு ஆயிரும், தேங்காய் எண்ணெய் சிக்கடிக்கும். தையல் மிசின் எண்ணெய் பரவாயில்லை.

குழி உளிக்குத் தட்டைப் பலகை பாதி வேலைதான் செய்யும். ஒரு மென்மரத் துண்டுல அந்த உளியாலயே இழை போக்குல ஒரு வாய்க்கால் வெட்டுங்க. வெட்டுன வாய்க்கால் உளியோட வெளிப்புற வளைவுக்கு அச்சு எடுத்த மாதிரி இருக்கும். அதுல பச்சையைத் தேய்ச்சு, உளியைப் பின்னால மட்டும் இழுங்க. உள்பக்கத்துக்கு மரக்குச்சி ஒண்ணை அதே வளைவுக்குச் சீவி, உப்புத்தாளால மழமழன்னு ஆக்கிப் பச்சை தடவிக்கங்க. உள்பக்கத்துல பிசிறு ஒளிஞ்சு நிக்கும், அதை எடுக்காம வெளியில எவ்வளவு தேய்ச்சாலும் வெட்டுன தடத்துல வெள்ளைக் கோடு விழுந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு உளிக்கும் தனி வாய்க்கால். எல்லாத்தையும் ஒரே கட்டையில வரிசையா வெட்டிட்டா பட்டறையில பக்கத்துலயே வச்சுக்கலாம்.

உளிக்கு மினுக்கம் வேணும், அதையும் சொல்லிடறேன். காய்கறிக் கத்தி அறுக்கும், உளி சீவும். சீவுற வாய் எவ்வளவு வழவழப்போ அவ்வளவு மரத்தோட வெட்டு பளபளன்னு வரும். அரை மணி வேலைக்கு ஒருக்கா பத்து இழுப்பு இழுத்துட்டா நாள் முழுக்கக் கல்லைத் தொட வேண்டாம்.

பஃபிங் சக்கரத்துல போடலாமான்னு யாராவது கேப்பீங்க. 150 மி.மீ. சக்கரம் நிமிசத்துக்கு 2880 சுத்து ஓடுனா விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கு மேல போகுது. கார்பன் ஸ்டீலோட வாய் நுனி நிறமே மாறாம பதம் இறங்கிரும். வாய் சக்கரத்தைப் பார்த்து நின்னுச்சுன்னா துணியில மாட்டி உளி நம்ம வயித்துக்கு வரும்.

பனைமட்டை:

சமையலறைக் கத்தி விஷயத்தில் மைக்ரான்கணக்கோடு எனக்கு உடன்பாடு இல்லை. தக்காளி, மிளகாய், கோழித்தோல், மீன் இவற்றுக்குப் பாலிஷே தேவையில்லை. 1000 கல்லில் பிசிறைச் சுத்தமாக எடுத்துவிட்டு, வெறும் தோலிலோ எட்டாக மடித்த செய்தித்தாளிலோ பக்கத்துக்கு ஐந்து இழுப்பு. அந்த வாயில் கண்ணுக்குத் தெரியாத அரம்பப் பல் இருக்கும், தோலைக் கவ்வும். 6000-மும் பச்சையும் அந்தப் பல்லைத்தான் தேய்த்து எடுக்கின்றன. தக்காளியில் வழுக்குவதற்கு வாய் உருண்டது ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். பாலிஷ் போட்டே ஆக வேண்டும் என்றால் 3 அல்லது 4 மைக்ரான், மரப்பலகையில், மூன்று இழுப்பு.

இதெல்லாம் புதிதும் அல்ல. பனையேறிகள் பாளை அரிவாளைத் தீட்டும் பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவித்தான் தேய்ப்பார்கள். குவார்ட்ஸ் பொடி, கெட்டி மரம், அமுங்காத பரப்பு. பாளை சீவுவது மெல்லிய சீவல் வேலை, அதற்கே அந்தப் பொடி போதுமாக இருந்திருக்கிறது. ஆனால் காய்ந்த பொடியை வீட்டுக்குள் தட்டாதீர்கள். சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மைக்ரான்கணக்கு:

@பனைமட்டை, தக்காளிக்கு ஒத்துக்கொள்கிறேன். வெங்காயத்தைப் பொடியாக அரியவும், மீனைத் தோல் நீக்கித் துண்டு போடவும் மினுக்கம் ஏறிய வாய்தான் சுத்தமாக வரும். ஒரே கத்தியில் எல்லாம் செய்பவருக்கு 1000 கல், பிறகு பச்சையில் மூன்றே இழுப்பு என்பது நடுவழி. பல்லின் முனை மட்டும் சீராகும், பல் போகாது.

கூர்வாய்:

விளக்கங்களுக்கு நன்றி. டார்ச் சோதனையில் சாணைப்பொறி சொன்ன வெள்ளைக் கோடு அடியிலிருந்து முனைவரை தெரிகிறது. சவரக்கத்திக்கு யாரும் இன்னும் சொல்லவில்லையே? பலகையும் கறுத்துப்போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, அதைச் சுத்தம் செய்ய முடியுமா, தோலை மாற்ற வேண்டுமா?

வார்பிடி:

சவரக்கத்தி. 6000 கல் இதற்குப் பற்றாது. 8000 குறைந்தபட்சம், 12000 இருந்தால் நல்லது. 8000-லேயே கன்னத்தில் பிடிக்காமல் ஓட வேண்டும். பாலிஷ் அதற்கு மேல் கொஞ்சம் மென்மை கூட்டும், அவ்வளவே. இழுத்துப் பிடிப்பதற்கு உங்கள் விஷயத்தில் இரண்டு காரணம் இருக்கலாம்: 6000-ல் நிறுத்தியது, ஹார்டுவேர் கட்டியில் உள்ள பெரிய துகள் வாயோரம் சில்லு எடுத்தது. இரண்டாவதற்கு மருந்து கல்தான்.

கோணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லில் படிய வேண்டும், முதுகின் கனமே கோணத்தைத் தீர்மானிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 15 முதல் 18 டிகிரிக்குள் வரும். அத்தனை மெல்லிய வாய்க்கு அழுத்தம் என்பது கத்தியின் சொந்த எடை மட்டும்.

பாலிஷ் வேண்டுமானால் சவரக்கத்திக்கென்று விற்கும் குரோமியம் ஆக்சைடு, 0.5 மைக்ரான். கட்டி வேண்டாம், பொடி அல்லது பேஸ்ட். பொடி என்றால் மூக்கு மூடிக்கொண்டு, லிக்விட் பாரஃபினில் குழைத்து, கெட்டித் துணியிலோ மென்மரப் பலகையிலோ தடவுங்கள். தொங்கும் தோல்வாரில் தடவாதீர்கள். ஒருமுறை தடவினால் அந்த வார் இனி வெறும் தோலாக ஆகாது. பத்து இழுப்பு போதும். இழுப்பு என்றால் போய் வருவது ஒன்று. முதுகு முன்னால், வாய் பின்னால். பிறகு துடைத்துவிட்டு, பாலிஷ் படாத துணியில் 20, சுத்தத் தோலில் 50.

வைரத்தில் 0.5 அல்லது 0.25 மைக்ரான் கிடைக்கும், வேகமாகவும் வேலை செய்யும். ஆனால் 0.5 வைரம் விட்டுப்போகும் வாய் 0.5 குரோமியம் ஆக்சைடைவிடக் கன்னத்தில் கடுமையாக இருக்கும். துகளின் முனைகள் கூரானவை, ஆழமாகக் கீறும். வைரம் போட்டால் அதற்குப் பின் குரோமியம் ஆக்சைடு, அதற்குப் பின் வெறும் தோல். பழைய சவரக்கத்திகள் எளிய கார்பன் ஸ்டீல்தான், அவற்றுக்கு வைரம் கட்டாயம் இல்லை.

தோல்வார் தளர்ந்து வளையக் கூடாது. முறுக்கவும் கூடாது. ஒரு கையால் இழுத்துப் பிடித்து, கத்தி போகும்போது வார் கயிற்றுக் கட்டில் மாதிரி குழியாமல் இருந்தால் சரி. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் வெறும் தோலில் 40 முதல் 60. பாலிஷ் பக்கம் போவது மாதத்துக்கு ஒருமுறை, கன்னத்தில் பிடிக்க ஆரம்பித்தால் மட்டும். ஐந்தாறு தடவை பாலிஷில் புதுப்பித்த பிறகு அதுவும் எடுபடாது, ஏனென்றால் வாய் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டிருக்கும். அப்போது 8000 கல்லில் ஒரு சுற்று.

சவரம் முடிந்ததும் துடைத்து, ஒரு துளி மிசின் எண்ணெய். கடற்கரை ஊர்களில் ஒரு ராத்திரி போதும், வாயோரத்தில் துரு புள்ளி வைத்துவிடும். அந்தப் புள்ளியை எந்தப் பாலிஷும் எடுக்காது.

சாணைப்பொறி:

பலகை கறுப்பது நல்லதுதான், ஸ்டீல் அரிந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி மாதிரி ஆனால் மெழுகும் இரும்புத்தூளும் சேர்ந்து பாலிஷ் துகளை மூடிவிட்டது. தோலை மாற்ற வேண்டியதில்லை. காலாவதியான ஏ.டி.எம். கார்டைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள், மெழுகு சுருள் சுருளாக வரும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிட்டு, 400 உப்புத்தாளை ஒரு தட்டைக் கட்டையில் சுற்றி நாலு தேய் தேய்த்துத் தூசியைத் தட்டிவிடுங்கள். பிறகு பச்சையைப் புதிதாக, மெலிசாக. வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும்.

பச்சையில் தீட்டிய சமையல் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காயில் வைக்க வேண்டும். குரோமியம் ஆக்சைடு தண்ணீரில் கரையாது, வெறும் தண்ணீரில் அலசினால் மெழுகோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

உங்கள் 3 மி.மீ. தோலைக் கழற்றிவிட வேண்டாம், பச்சையை எடுத்துவிட்டு வெறும் தோலாகக் காய்கறிக் கத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கு ஒரு எம்.டி.எஃப். துண்டு போதும், மரக்கடையில் கழிவாகவே கிடைக்கும்.

கூர்வாய்:

எம்.டி.எஃப். துண்டு வாங்கிவிட்டேன். அதில் பச்சையைத் தேய்க்கும் முன் ஏதாவது பூச வேண்டுமா, நேரடியாகவா?

உளிச்சத்தம்:

நேரடியாவே. வார்னிஷ் கீர்னிஷ் எதுவும் வேண்டாம், துகள் தங்க இடம் இல்லாம போயிரும். வெட்டுன ஓரத்துல போடாதீங்க, பஞ்சு மாதிரி உப்பும். தட்டைப் பக்கத்துல போடுங்க.

அந்தப் பக்கமும் கம்பெனியில இருந்து வழவழன்னுதான் வரும், 240 தாளால லேசா ஒரு தடவை சொரசொரப்பாக்கிட்டுத் தேய்ங்க. கட்டி வழுக்காமப் பிடிக்கும்.

தண்ணி மட்டும் படாமப் பாத்துக்கங்க. கல்லுல தீட்டுன ஈரக் கத்தியைத் துடைக்காம அதுல வச்சா அந்த இடம் வீங்கிரும், பிறகு அது தட்டைக்கு வராது, தூக்கிப் போட்டுட்டு அடுத்த துண்டு எடுக்க வேண்டியதுதான்.